மோரும் நூறு மைக்ரோகிராமும்

நவம்பர் 8, வெள்ளி

மூன்றாவது ரத்தப் பரிசோதனை. டிஎஸ்எச் பதினான்கு. நான்கைத் தாண்டக் கூடாதாம். தைராய்டு மாத்திரை எழுபத்தைந்து போதவில்லை, இனி நூறு மைக்ரோகிராம். வில்ஹோ பிறந்து ஏழு மாதம், என் தைராய்டு படுத்து நான்கு மாதம். போன சனிக்கிழமை சவுனா நீராவி அறையில், நன்றாகச் சுடும் மேல் பலகையிலும் குளிர் தாங்காமல் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவன் யார்க்கோ சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 19

இதை எழுதிவிடுகிறேன்.

மதியத் தூக்கத்துக்கு வில்ஹோவை வழக்கம்போல் நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியோடு பால்கனியில் விட்டேன். மைனஸ் நான்கு, இந்த ஊர்க் குழந்தைகள் வெளியில் சொக்கித் தூங்கும் குளிர். சோபாவில் ஒரு நிமிடம்தான் சாய்ந்தேன். அழைப்பு மணி. கீழ்வீட்டு ஆர்வோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வீட்டுச் செருப்போடு நிற்கிறார்.

"ஏம்மா, கால் மணி நேரமா புள்ள கத்துது. காதை வாடகைக்கு விட்டுட்டியா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். வில்ஹோ அழுது அழுது குரலே கட்டியிருந்தது. எனக்குக் கேக்கவே இல்ல. பால்கனிக் கதவு திறந்துதான் இருந்துச்சு, கேக்கவே இல்ல. என்ன அம்மா நான்?

நவம்பர் 21

யார்க்கோ விடுப்பு எடுத்துவிட்டான். "மே மாசம் வரைக்கும் நான் வீட்ல இருக்கேன். அதுக்குள்ள சரியாயிடும்."

ஆகாவிட்டால்? என்னைக் குழந்தையோடு தனியாக விட அவனுக்குப் பயம். சொல்ல மாட்டான். எனக்கும் பயம்தான்.

ஜனவரி 3

நூறு போட்டு எட்டு வாரம். டிஎஸ்எச் இன்னும் பன்னிரண்டு! இனி நூற்றிருபத்தைந்து. "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பேருந்தில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 16

வில்ஹோவுக்கு எடை பார்க்கும் நாள். நர்ஸ் தெய்யா அவனைத் தராசிலிருந்து தூக்கி என்னிடம் தந்துவிட்டுக் கேட்டார்: "இவன் ஜம்முனு இருக்கான். நீ ஏன் இப்படி இருக்கே, சல்லா?"

எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சரி, மாத்திரையை எதோட முழுங்குறே?"

"மோரோட."

தெய்யா பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு மோர்?"

"பெரிய டம்ளர்."

"அடிப்பாவி! உன் மருந்தை அந்த டம்ளர்ல குடிச்சிட்டிருந்தது கால்சியம்!"

பாலும் மோரும் மருந்தை உடம்பில் சேர விடாதாம். வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அரை மணி கழித்துத்தான் காபிகூட. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்தவள்தான் நான். ஆனால் மூன்று வேளையும் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மோரை யார் கணக்கில் எடுப்பார்கள்?

அதிலும் யார்க்கோ பால் பண்ணையில் வளர்ந்தவன். "தண்ணி மாட்டுக்கு, மோர் மனுஷனுக்கு" என்பது அவன் வீட்டு வேதம். தினமும் விடியலில் மாத்திரையையும் டம்ளரையும் படுக்கைக்கே கொண்டுவருவான்.

சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"ஆறு மாசமா நானே உன்னை..."

"அன்பாத்தான்டா கொடுத்தே. அதான் ஒரு சொட்டு விடாம குடிச்சேன்."

நான் சிரிக்கிறேன். எத்தனை நாள் ஆயிற்று.

பிப்ரவரி 10

நெஞ்சு படபடக்கிறது. ஐந்து மணிக்கே எழுந்து அலமாரிகளைத் துடைக்கிறேன். சவுனாவில் காலுறை இல்லை! ஆனால் இந்தப் படபடப்பு — இதுவும் சரியில்லையே?

பிப்ரவரி 14

சரியில்லைதான். இப்போது மருந்து கூடிவிட்டது. மறுபடி நூறு. நான் தோற்றுப்போன அதே நூறு, இம்முறை தண்ணீரோடு. யார்க்கோ டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சோதித்துவிட்டுத் தருகிறான். "மாட்டுக்குத் தண்ணி ரெடி!"

ஏப்ரல் 1

2.1

டிஎஸ்எச் இரண்டு புள்ளி ஒன்று! ஏப்ரல் முட்டாள் விளையாட்டு இல்லையே என்று இரண்டாம் முறை போன் செய்து கேட்டேன். இல்லை. என் எண். என் நூறு.

மே 5, திங்கள்

யார்க்கோ வேலைக்குப் போனான். வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். "போடா, பஸ்ஸை விட்டுடுவே" என்றேன்.

மதியம் வில்ஹோ பால்கனியில் தூங்கினான். நான் சமையலறையில், தண்ணீர்க் குழாய் திறந்திருக்க, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சிணுங்கல். அழுகைகூட இல்லை. அடுத்த சிணுங்கலுக்குள் அவன் என் இடுப்பில்.

அப்போதுதான் மணி அடித்தது. ஆர்வோ, மூச்சு வாங்க. குழந்தையைப் பார்த்தார், சோப்பு நுரை வழியும் என் கையைப் பார்த்தார்.

"அட, காதுல இருந்தவன் காலி பண்ணிட்டானா?"

"போன மாசமே!"

யார்க்கோவுக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. சொல்லும்படி இன்று ஒன்றும் நடக்கவில்லை.