மேலே தினசரி, கீழே பந்தயம்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட் சோதித்தேன். இரண்டு தேறின. மூன்றாவதில் கதவு முழுதாக மூடும் முன்பே பெட்டி நகர்கிறது. பூட்டி முத்திரை வைத்துவிட்டு வந்தேன். குடியிருப்புச் செயலாளர் முதலில் கெஞ்சினார், பிறகு முறைத்தார். எட்டு மாடி ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லது என்று சொல்ல வந்தது.

மாலையில் மாப்ளயின் பட்டறை. மனைவியின் தம்பி என்பதால் பாதி நேரம் வேலை பார்க்கிறான், பாதி நேரம் என்னைக் கேலி செய்கிறான். என் காருக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ‘கிளார்க்’. சாம்பல் நிறம், நாலு கதவு, பின்சீட்டில் அவன் அக்காவின் குடை. பார்த்தால் லீவு லெட்டர் எழுதிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கிற பகுதியைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்று மாட்டினோம். பம்பரின் உட்பக்கத்தை அறுக்க வேண்டியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

போன மாதப் பந்தயத்தில் கால் மைலுக்கு 14.31 நொடி. பதினாலுக்குக் கீழே வர வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேல், மாப்ள ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தான். மேலே இருந்தால் இன்ஜினுக்குத் தினசரி ட்யூன், சாதா பெட்ரோலில் அமைதியாக ஓடும். கீழே தள்ளினால் பந்தய ட்யூன்: டர்போ அதிகக் காற்றைத் தள்ளும், தீப்பொறி முன்கூட்டியே விழும்.

“மாமா, நல்லா கேட்டுக்குங்க. கீழ இருக்கிறது ரேஸ் பெட்ரோல் ஊத்தும்போது மட்டும்தான். சாதா பெட்ரோல்ல இதை வெச்சு அழுத்துனீங்கன்னா பிஸ்டன் கையோட வந்துடும்.”

எனக்கா சொல்கிறான்? இருபது வருடமாக மற்றவர்களின் கவனக்குறைவை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் ஓர் அட்டையில் எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்தேன். பந்தயம் முடிந்ததும் செய்ய வேண்டியவை: டயரில் காற்று, ஸ்டெப்னியைத் திரும்ப வைப்பது, ஸ்விட்ச்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸ்விட்சைப் பார்த்துவிட்டாள். “இது எதுக்குங்க?”

“அது பந்தயத்துக்கு. நீ தொடாதே.”

“தொடல சாமி.”

பிப்ரவரி 18, செவ்வாய்

அவள் ஒரு வாரமாக, வேலை பார்க்கும் லாபுக்குக் காரில் போகும் வழியில் மேம்பாலத்தில் லாரிகளை முந்துகிறாளாம். பெருமையாகச் சொன்னாள். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு ஆட்கள் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள், தாமதமானால் கத்துவார்கள்.

நாற்பது வயதில் லைசென்ஸ் வாங்கினாள். ரிவர்ஸில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தாள். முதல் மாதம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூச்சுவிடாமல் ஓட்டினாள். “அழுத்தினா போகும், பயப்படாதே” என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

13.97.

ரேஸ் பெட்ரோல் ஊற்றி, இரண்டாவது ஓட்டத்தில் கிடைத்தது. பழைய விமானத்தளம், காலை பத்தரை, தரை சூடேற ஆரம்பித்த நேரம். தினசரி வண்டிப் பிரிவில் எனக்குப் பிடித்தது அதன் விதிதான். வண்டி சாலையில் ஓடி வர வேண்டும், எல்லா சீட்டும் இருக்க வேண்டும், ஓடியே வீடு திரும்ப வேண்டும். இழுத்துக்கொண்டு வந்தால் சேர்க்க மாட்டார்கள்.

டயருக்குக் காற்று அடித்தேன். ஸ்டெப்னியை வைத்தேன். அப்போது மாப்ள நேரச் சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். கட்டிப்பிடித்தான். யார் யாரோ கை கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, நான் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

மெதுவாகவே ஓட்டி வந்தேன். நேரச் சீட்டை அவள் ஃபிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். “கிளார்க்குக்குப் பதவி உயர்வு” என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

கார் நின்றுவிட்டது. காலை 5.50க்கு அவளிடமிருந்து போன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் லாரியை முந்தும்போது சின்னக் கல் தெறிக்கிற மாதிரி சத்தம், பிறகு டமால் என்று ஒன்று, பின்னால் நீலப் புகை. அவளுக்கு அடி இல்லை. ஓரத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

“பெட்ரோல் கம்மியா இருந்துச்சுன்னு இப்பதான் ஃபுல் டேங்க் போட்டேங்க. அந்த பெட்ரோல்ல ஏதோ கோளாறு இருக்கு. இல்லன்னா நான் என்ன பண்ணேன்?”

நான் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே கை விட்டேன்.

ஸ்விட்ச் கீழே இருந்தது.

மேலே தள்ளிவிட்டேன். ஏன் தள்ளினேன்? அதற்கு மேல் கெட ஒன்றும் இல்லை அந்த இன்ஜினில்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்றாவது பிஸ்டன் ஓரம் உடைந்திருக்கிறது. சிலிண்டர் சுவரில் கீறல். மாப்ள விளக்கைப் பிடித்துக் காட்டினான். அவள் பக்கத்தில் நின்று அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“பெட்ரோலாலதானே?”

மாப்ள என்னைப் பார்த்தான். அவனுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தவன் நான்.

“இருக்கலாம்” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அரை நொடி ஆகியிருக்கும்.

பிப்ரவரி 26, புதன்

மதியம் மாப்ள போன் செய்து பட்டறைக்கு வரச் சொன்னான். லேப்டாப்பில் இன்ஜினின் பதிவு திறந்திருந்தது. திங்கள், 5.46, பந்தய ட்யூன். கோடு கோடாகச் சிவப்பு.

“ஸ்விட்ச் கீழ இருந்திருக்கு மாமா.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் எதுக்கு நேத்து அக்காகிட்ட...” முடிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டான். லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னான்: “நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க. நீங்க சொல்ற வரைக்கும் இந்த இன்ஜினை நான் கார்ல ஏத்தவும் மாட்டேன்.”

சிரித்துக்கொண்டே சொல்வான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

சரக்கு லிஃப்ட் விபத்து ஒன்று. ஒருவருக்குக் கையில் காயம். கதவுப் பூட்டைச் சோதனைக்காகக் கழற்றியவர் திரும்ப இணைக்க மறந்திருக்கிறார். ‘காரணம்’ கட்டத்தில் எழுதினேன்: பராமரிப்பாளரின் மறதி. பராமரிப்பாளர் என் முன்னால் உட்கார்ந்து, “பத்து வருஷத்துல முத தடவை சார்” என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

மார்ச் 3, திங்கள்

அவள் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள். நாலரைக்கு எழுகிறாள். என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

“கார் ரெடியானாலும் நீங்களே ஓட்டிக்குங்க. எனக்குச் சரிப்படாது. ஒரு சத்தம் கேட்டா நிறுத்தணும்னுகூடத் தெரியல எனக்கு.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

“இன்னுமா இன்ஜினுக்குக் கேஸ்கட் வரல?” என்று அவள் தம்பியிடம் போனில் கேட்கிறாள். ஸ்பீக்கரில் அவன் குரல்: “வரும்க்கா. மாமா கையிலதான் இருக்கு.”

“அவர் கையில எப்படி இருக்கும்?”

“அவர்தானே ஆர்டர் போடணும்.”

படுபாவி.

மார்ச் 9, ஞாயிறு

ஃபிரிஜைத் திறக்கும்போதெல்லாம் 13.97 கண்ணில் படுகிறது. கழற்றலாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பால் எடுக்கக்கூட அவளையே அனுப்புகிறேன்.

எதற்குப் பயப்படுகிறேன்? திட்டுவாள் என்றா? அவள் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருடமாக, கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தவன் நான். அந்த ஆள் இப்படி ஒரு ஸ்விட்சை மறந்தான் என்று அவளுக்குத் தெரிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வேலை முடிந்து அவள் நேராக அந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போயிருக்கிறாள். பஸ்ஸில். அன்று பெட்ரோல் போட்ட பெண்ணை மேனேஜர் முன்னால் நிறுத்திச் சண்டை போட்டிருக்கிறாள். கலப்படம் செய்கிறீர்களா, என் உயிர் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று. கூட்டம் கூடியிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பெட்ரோல் போடுவதிலிருந்து எடுத்து, காற்றடிக்கும் பக்கம் நிறுத்திவிட்டார்களாம்.

“பாவமாத்தான் இருந்துச்சு. அழுதுட்டா. ஆனா நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகக் கூடாதுல்ல?”

சரிதானே என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொண்ணு என்னத்தைப் பண்ணுச்சு? குழாயைப் பிடிச்சது, அவ்வளவுதானே. நான் இங்க உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கேன்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்ன விதத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அலுவலகத்து விபத்துப் படிவம் ஒன்றை நிரப்பினேன். இடம், நாள், நேரம், நிகழ்ந்தது, காரணம். அவள் லாபிலிருந்து வருவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தாள். பிறகு கூப்பிட்டாள்.

“காரணம்: ஸ்விட்ச் மாற்றப்படவில்லைன்னு போட்டிருக்கு. யாரு மாத்தல?”

“அதான், அன்னைக்கு பந்தயம் முடிஞ்சதும்...”

“யாருங்க மாத்தல?”

“நான்.”

“வாயால சொல்லுங்க. பேப்பர் வேண்டாம்.”

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஸ்விட்ச், பெட்ரோல், மேலே தள்ளிவிட்டது, ‘இருக்கலாம்’ என்றது, எல்லாம். நான் முடித்ததும் அவள் முதலில் கேட்டது பிஸ்டனைப் பற்றி இல்லை.

“அந்தப் பொண்ணுக்கு நான் இப்ப என்ன பதில் சொல்றது?”

அப்புறம்: “தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் இனிமே ஓட்ட மாட்டேன்னு சொன்னேனே. அப்பகூட உங்களுக்கு வாய் வரல, இல்ல?”

“வரல.”

படிவத்தை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு.

மார்ச் 19, புதன்

மாப்ள போன். “அக்கா என்னை வெளுத்து வாங்கிட்டா மாமா. ‘அவருக்குத்தான் வாய் இல்ல, உனக்கு என்னடா கேடு’ன்னா. இன்ஜினை ஏத்துறேன். கேஸ்கட் வந்துடுச்சு.”

மார்ச் 22, சனி

இன்ஜின் ஏறியது. புது பிஸ்டன்கள். ஆயிரம் கிலோமீட்டர் வரை அழுத்தக் கூடாது. கிளார்க் மறுபடி கிளார்க்காக ஓடுகிறான்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, “கிளம்புங்க” என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. என்னை ஓட்டவைத்து வழி சொன்னாள். பெட்ரோல் பங்க்.

“இறங்குங்க.”

காற்றடிக்கும் பக்கம் அந்தப் பெண் நின்றிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்கும் மேனேஜருக்கும் கேட்கும்படி, நடந்ததை நான் சொன்னேன். மேனேஜர் எழுத்தில் வேண்டும் என்றார். மனைவி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த படிவத்தை எடுத்தாள். ‘காரணம்’ கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘உரிமையாளரின் மறதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் எங்கள் டயரைப் பார்த்து, “பின்னாடி ரைட்டுல காத்து கம்மியா இருக்கு” என்றாள். அடித்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

சாயங்காலம் காரில் ஏறினால் முழங்கால் இடித்தது. சீட் முன்னால் இழுத்திருக்கிறது, கண்ணாடி தாழ்ந்திருக்கிறது. எங்கே போனாள், எவ்வளவு தூரம், தெரியவில்லை. கடைக்குப் போய் வந்ததும் சீட்டையும் கண்ணாடியையும் இருந்தபடியே மாற்றி வைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள் காரில் வேலைக்குப் போனாள். நான் பஸ்ஸில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விமானத்தளம். மாப்ள பந்தய ட்யூனைக் கொஞ்சம் தணித்திருக்கிறான். என் நேரம் 14.20. பரவாயில்லை என்று எழுத வந்தேன். கொஞ்சம் வலித்தது.

முடிந்ததும் அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். காற்று, ஸ்டெப்னி, ஸ்விட்ச். மேலே தள்ளினேன். மாப்ளயைக் கூப்பிட்டும் காட்டினேன். “சரி மாமா, சரி மாமா” என்றான்.

அவள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், கைப்பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். “நானும் ஒரு தடவை போறேன்.”

அதிகாரியிடம் லைசென்ஸைக் காட்டினாள். ஹெல்மெட் பெரிதாக இருந்தது. ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தாழ்த்தினாள், பெல்ட் போட்டாள். ஸ்விட்ச் மேலேதான் இருக்கிறது என்று சொல்ல நான் ஜன்னலருகே குனிந்தேன்.

அதற்குள் அவள் கை ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்விட்டது. தடவிப் பார்த்தாள். மேலே இருப்பதை உறுதி செய்துகொண்டு கையை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கோபமும் இல்லை. கேஸை மூடியிருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

18.62. நேரச் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீடு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். மேம்பாலத்தில் ஒரு லாரியை முந்தினாள். வாசலில் நிறுத்தியதும், இறங்குவதற்கு முன், இன்னொரு முறை ஸ்விட்சுக்குக் கை விட்டுத் தடவிப் பார்த்தாள்.