கவ்வாத்துக் கத்தி பட்ட பூச்செடி

பாக்கியத்தின் அப்பாவுக்கு,

டயகமவில் தங்கச்சிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாக ஆள் வந்தது. பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவிடம் கொடுங்கள், கோழிக்குத் தீனி போடுவார்.

வாசல் செடியைப் பற்றி நேரில் சொல்ல வாய் வரவில்லை. கூம்பு கூம்பாக வெள்ளையாய்ப் பூத்த ஹைட்ரேஞ்சியாவை, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியால் ஒட்ட வெட்டிவிட்டீர்கள் என்று கண்டபடி பேசினேன். "தழைச்சு வரும் புள்ள" என்றீர்கள். கேட்காமல் கட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். அந்த இடத்தில் கறிக்காகும் என்று போஞ்சி விதை போட்டேன். அன்றிலிருந்து நீங்கள் சாப்பிட மட்டும்தான் வாய் திறக்கிறீர்கள்.

நேற்று துரை பங்களாப் பக்கம் போனேன். அங்கே அதே செடி கிளை தாங்காமல் பூத்திருக்கிறது. தோட்டக்காரர் சின்னத்தம்பி அண்ணனிடம் கேட்டேன்.

"நீலப் பூச்செடியத்தான் வெட்டுனா அந்த வருசம் பூக்காது தங்கச்சி. இது புதுக் கெளையில பூக்குறது. நான் வருசா வருசம் வெட்டித்தான் விடுறேன்."

அவரிடம் ஒரு குச்சி வாங்கி வந்து டின்னில் வைத்திருக்கிறேன். போஞ்சியைப் பிடுங்கிவிட்டு நீங்களே நடுங்கள். என் கை வேண்டாம்.

நாகலெட்சுமி

மடித்த பிறகு திரும்பப் பிரித்தேன். அந்தக் கட்டை எரிந்த அடுப்பில்தான் அன்றைக்கு உங்களுக்கு வெந்நீர் காய்ந்தது. அடுப்பைப் பார்த்தீர்கள், வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளித்தீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.