புது அரக்கின் வாசனை

டிசம்பர் 11

நான் ஒரு மடையன். என் மனைவி கிகுயோவைப் புத்தாண்டுக்கு ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று, பண்டிகைச் சாப்பாடு வைக்கும், மரத்தில் அரக்கு பூசிய மூன்றடுக்குப் பெட்டியை எடுத்துக் கழுவினேன். அவள் முப்பது வருடமாக அதை மெல்லிய துணியால் துடைத்து நிழலில் ஆறவிட்டதைப் பார்த்தவன்தானே? பாத்திரம் உலர்த்தும் இயந்திரத்தில் வைத்துத் தொலைத்தேன். மரம் வெடித்து, அரக்கு தோல் தோலாக உரிந்துவிட்டது. செத்துப்போன என் அம்மாவின் பெட்டி. கிகுயோவிடம் எப்படிச் சொல்வேன்?

டிசம்பர் 12

கிகுயோ இன்றும் சாப்பிடவில்லை. மருந்து ஏறியதிலிருந்து எந்த வாசனையும் ஆவதில்லை. சோற்று ஆவிக்கே அவளுக்குக் குமட்டுகிறது. எடை முப்பத்தெட்டு கிலோ.

"புத்தாண்டுக்கு இனிப்பா கறுப்பு சோயாப் பயறு செஞ்சீங்கன்னா ரெண்டு வாய் இறங்கும்ங்க" என்றாள்.

டிசம்பர் 15

புதுப் பெட்டி வாங்கப் போனேன். கடைக்காரம்மா சொன்னாள்: "அவசரம்னா பிளாஸ்டிக் எடுத்துக்குங்க ஐயா. மரத்துல பூசின புது அரக்கு மாசக் கணக்கா நாறும்."

கிகுயோ விரலால் தட்டியே பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்துவிடுவாள். மரத்தில்தான் வாங்கினேன்.

டிசம்பர் 16

நாறுகிறது.

டிசம்பர் 22

ஆறு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். வினிகர் தொட்டுத் துடைத்தேன். காற்றில் வைத்தேன். மூக்கை உள்ளே விட்டு விட்டுப் பார்த்து, வாசனை இருக்கிறதா இல்லையா என்றே இப்போது தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஒகனோ அம்மாவிடம் நீட்டினேன்.

"ஐயய்யோ, தலையே சுத்துதே!"

டிசம்பர் 27

முப்பத்தேழு கிலோ. சாப்பிடாவிட்டால் அடுத்த மருந்து கொடுக்க முடியாது என்கிறார் டாக்டர். கொடுக்காவிட்டால்? — அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பெட்டி. ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாத கை.

டிசம்பர் 31

சோயா வெந்துவிட்டது. பெட்டி இன்னும் நாறுகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை; அதிலேயே எடுத்து வைத்தேன்.

ஜனவரி 1

வந்தாள். மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாயில் நெற்றி படக் குனிந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நிஜமாவா? உங்க அம்மா பெட்டி உடைஞ்சே போச்சா?"

சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள்.

"கல்யாணமான வருஷம் அதுல ஒரு கீறல் விழுந்துதுன்னு அத்தை மூணு நாள் என்கூடப் பேசல. அன்னிலேருந்து பயந்து பயந்துதாங்க துடைச்சேன். முதல்ல இந்தப் புதுசைத் தூக்கி வெளியில வைங்க. சட்டியில மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஆறிப்போயிருந்தது, ஆவியே இல்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டாள். போதும், வயிறு தாங்காது என்றேன்.

"யாரு கேட்டது உங்களை?"

பதினொன்று வரை எண்ணினேன். அதற்கப்புறம் கண்ணீர் மறைத்துவிட்டது.