தக்காளிக்குத் தடை

மார்ச் 4
இன்றும் சலூனில் கத்தரி பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். முதலாளியம்மா என்னைப் போன் எடுக்க உட்காரவைத்துவிட்டார். முடக்குவாதமாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியை விட்டுவிட்டு என் மூட்டையே அடிக்கிறதாம். டாக்டர் வாரம் ஒருமுறை போடும் மாத்திரை எழுதினார். “மருந்து கேக்க ரெண்டு மூணு மாசம் ஆகும், பொறுமையா இருங்க.” பொறுமையா? எனக்கா?

மார்ச் 9
முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருத்தி சொன்னாள்: “தக்காளிய விட்டுப் பாருங்க. எங்க சித்திக்கு வலி பறந்துடுச்சு.” இன்றிலிருந்தே தடை! கை இப்படி ஆனதிலிருந்து சமையல் என் வீட்டுக்காரர்தான். தக்காளி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2
வலி அப்படியேதான். அவர் வைக்கும் கேரட் சூப் மட்டும் பிரமாதம். இந்தப் புளிப்பு எப்படி வந்தது என்றேன். “எலுமிச்சம்பழம்” என்றார்.

மே 11
பாட்டில் மூடியை நானே திறந்தேன். நானே!!

மே 19
வெட்டினேன்! இரண்டு பேருக்கு முடி வெட்டினேன்! தக்காளி போச்சு, வலியும் போச்சு. சலூனில் வந்தவர் போனவருக்கெல்லாம் உபதேசம் செய்தேன். இனி அந்த மாத்திரை எதற்கு? போட்டாலே குமட்டுகிறது. நாளையோடு தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

மே 20
சொன்னதுமே வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.
“மாத்திரைய நிறுத்திடாதம்மா. அந்த சூப்புல பாதி தக்காளிதான்.”
“எப்போலேர்ந்து?”
“மொதல்லேர்ந்தே. உனக்கு வலி கொறஞ்சது தக்காளிய விட்டதால இல்ல.”
அட பாவி மனுஷா! ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே — நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சலூனுக்குப் போவேன்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும். மாத்திரையை விட்டிருந்தால் என் கை என்னவாகியிருக்கும்?

மே 24
நடந்ததைக் கேட்டு டாக்டரும் சிரித்தார். “சிலருக்குச் சில சாப்பாடு ஒத்துக்காம வலி கூடலாம். சந்தேகமா இருந்தா என்கிட்ட சொல்லிட்டு ஒண்ணொண்ணா விட்டுப் பாருங்க. ஆனா மாத்திரைய விடாதீங்க.” குமட்டலுக்கும் வழி சொன்னார். நல்லது, இனி திருட்டு சூப் வேண்டாம்.

ஜூன் 3
மாத்திரை போட்டாயிற்று. வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, கத்தரியை எடுத்தேன்.
“காது பத்திரம்” என்றார்.
கொஞ்சம் பயப்படட்டும். என் கை ஒரு தரம்கூட நடுங்கவில்லை.