மூன்றாவது விசில்

விசில் அண்ணா என்று ஊரே கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து நிற்பார்கள். உன் விசில் என் தையல் மிஷின் மேல் கிடக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் அதன் மேல் துணியை இழுத்து மூடிவிடுகிறேன்.

போன ஞாயிறிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சோறு இறங்கவில்லை. ரோட்டில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டால் தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். பல்லி கத்தினாலே பயப்படுகிறவள் என்று என்னை ஊர் முழுக்கக் கேலி செய்தவன் நீ. இப்போது இருந்திருந்தால் என்ன சொல்வாய்?

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. உன் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, காலையில் உன் வீட்டுக் கதவைத் திறந்தால், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நீ நடத்திய சேவைப் படையில் அத்தனை பேரும் நான் தைத்துக் கொடுத்த ஸ்கார்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். உன் மகள் திவ்யா முதலில் நின்றாள். அண்ணி உள்ளே போய் உன் காக்கிச் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டாள். என்னைக் கேட்டுத்தானா வைத்தாள்? நான் மாட்டேன் என்று சொல்வதற்குள் பிள்ளைகள் சல்யூட் அடித்துவிட்டார்கள்.

சரி, என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். கொடியேற்றப் போகிறோம், தேசிய கீதம் பாடப் போகிறோம். பஸ் ஸ்டாப்பைக் கூட்டுவோம், ரோட்டோரக் குப்பையைப் பொறுக்குவோம். விசிலும் சுலபம்தான். கண்டக்டராக பஸ்ஸில் நீ ஊதியதையே இவர்களுக்கும் பழக்கியிருந்தாய். ஒரு விசில் ஊதினால் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் முன்னால் போக வேண்டும். இது எனக்கு வராதா?

நீ கற்றுக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் நான் விளையாட்டு என்றே நினைத்துவிட்டேன். அதுதான் சங்கிலி. மேலே மலைக் கணவாயில் வண்டி விழுந்தால் கூட்டம் கூடிச் சரக்கை அள்ளுகிறது, ஆம்புலன்ஸுக்கு வழி இல்லாமல் போகிறது என்று நீ பஸ்ஸிலிருந்து பார்த்துப் பார்த்து நொந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தது. அடிபட்ட வண்டிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, கையோடு கை கோத்து நிற்க வேண்டும். யார் வந்தாலும் விடக்கூடாது. "அடுத்தவன் கஷ்டத்துல நம்ம ஊரு கை வைக்கக் கூடாது, அதாண்டா தேசபக்தி" என்று நீ மைதானத்தில் கத்துவது என் வீடு வரைக்கும் கேட்கும். நான் சிரித்துக்கொண்டே ஸ்கார்புக்கு ஓரம் தைப்பேன்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை அண்ணா. அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு குடியரசு தினத்துக்காக நம் ஊர்ப் பிரிவு ரோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். கணவாய் இறக்கத்தில் வந்த ஒரு டேங்கர் லாரி, வளைவில் நிலை தப்பி எங்களுக்கு மேற்பக்கமாகக் கவிழ்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டீக்கடைக்காரர்கள் ஓடிப்போய் டிரைவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். கால் உடைந்திருந்தது, உயிர் இருந்தது. அதற்குள் பெட்ரோல் வாடை குப்பென்று வந்துவிட்டது. டேங்கர் ஒழுகி, பெட்ரோல் சாக்கடை வழியாக ஓடுகிறது.

நான் விசில் ஊதவே இல்லை. திவ்யாதான் "சங்கிலி" என்றாள். நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் எல்லோரும் ஓடிப்போய் ரோட்டுக்குக் குறுக்கே கை கோத்துவிட்டார்கள். டேங்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீ சொன்னபடியே.

எதிரில் வந்தது யார் தெரியுமா? நம் ஊர்க்காரர்கள்தான். குடம், கேன், பக்கெட், கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு பெட்ரோல் பிடிக்க வந்தார்கள். முதலில் வந்தது பெருமாள். உன் பாடைக்குத் தோள் கொடுத்த அதே பெருமாள். அவர் மகன் நவீன் சங்கிலியின் நடுவில் நிற்கிறான்.

"டேய், வழிய வுடு."

"கிட்ட போவாதீங்கப்பா. பத்திக்கும்."

"ஊரே புடிக்கப் போவுது, நான் புடிச்சா மட்டும் பத்திக்குமா? வழிய வுடுடாங்கறேன்."

"வுட மாட்டேன்பா."

பையன் கோத்த கையை இன்னும் இறுக்கினான். விசிலை வாயில் வைத்துவிட்டேன். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. எப்படி ஊதுவேன், சொல்லு. ஒன்று ஊதினால் அங்கேயே நிற்பார்கள். இரண்டு ஊதினால் முன்னால் கூட்டத்துக்குள் போய் மாட்டுவார்கள். திரும்பி வா என்பதற்கு நீ ஒன்றுமே வைக்கவில்லையே அண்ணா. கத்திப் பார்த்தேன். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் குரல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போது கூட்டத்தில் ஒரு ஆள் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தான். என் உயிர் அப்போதே போய்விட்டது. பெருமாள் திரும்பி அவன் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தீப்பெட்டி மண்ணில் விழுந்தது.

"அறிவு கெட்டவனே, புள்ளைங்க நிக்குதுடா அங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. கேனைக் கீழே போட்டார். தன் பங்குக்குக் கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார். நான் எப்படிப் போனேன் என்று தெரியாது, போய்ச் சங்கிலியின் ஓரத்தில் திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தீயணைப்பு வண்டி வரும் வரைக்கும் அப்படியே நின்றோம். முதுகுக்குப் பின்னால் டேங்கர் ஒழுகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. நுரை அடித்தார்கள், ரோட்டைக் கழுவினார்கள், டேங்கரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று நானும் வாரம் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஊரே நம் படையைக் கொண்டாடுகிறது. பேப்பரில் போட்டோ வந்தது. குடியரசு தினத்தில் பிள்ளைகளுக்குச் சால்வை போடப் போகிறார்களாம். படையில் சேர்க்கச் சொல்லிப் புதிதாகச் சிலர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து என் வாசலில் நிற்கிறார்கள். "வீரப் புள்ளைங்க" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் உள்ளே போய்விடுகிறேன். இத்தனை கைதட்டலுக்குப் பிறகு அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடமாட்டார்களா?

அண்ணியும் "அவரு இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு, திவ்யா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தட்டுப் போட மறந்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் திவ்யா ஸ்கார்பில் கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொள்ள வந்தாள். தைத்துக்கொண்டே கேட்டேன், "அன்னைக்கு உனக்குப் பயமாவே இல்லையா கண்ணு?"

"இல்லாம இருக்குமா அத்தெ? காலெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு."

"அப்புறம் ஏன் நின்ன? ஓடி வந்திருக்கலாமில்ல?"

"விசிலு வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தெ. விசிலு வராம எப்படி வர்றது?"

மிஷினை நிறுத்திவிட்டேன். என்னால் அதற்கு மேல் தைக்க முடியவில்லை. ஊர் வீரம் வீரம் என்கிறதே, அது என் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டு நின்றது அண்ணா. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், வந்தது. நிற்கச் சொல்லிக்கொடுத்தாய், போகச் சொல்லிக்கொடுத்தாய், திரும்பி வர ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? பிறகு யோசித்தேன். நீ இருந்தபோது எங்கே போனாலும் அவர்களுக்கு முன்னால் நீதான் நிற்பாய். ஆபத்து என்றால் இரண்டு கையாலும் அள்ளிப் பின்னால் தள்ளிவிடுவாய். உனக்கு அந்த விசில் தேவைப்படவில்லை. நீ இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீ நினைத்தே பார்க்கவில்லை. நாங்களும்தான் நினைக்கவில்லை.

படையைக் கலைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன். கலைத்தால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் கலைத்துவிட்டால் அவர்கள் கற்றது மறந்துபோகுமா? கணவாயில் நாளைக்கே இன்னொரு வண்டி விழுந்தால் இந்தப் பிள்ளைகள் ஓடத்தான் போகிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இருக்காது. அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக்கு மைதானத்துக்குப் போகிறேன். கொடி உண்டு, பாட்டு உண்டு. சங்கிலியும் உண்டு, ஆனால் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்று தீயணைப்புக்காரர்களை வரச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்றாவது விசிலைப் பழக்கப் போகிறேன். நீளமாக மூன்று. அது கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கோத்த கையை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் என்னிடம் ஓடி வர வேண்டும். அப்படி ஓடி வருவதும் நாட்டுக்குச் செய்கிற சேவைதான் என்று சொல்லப் போகிறேன். உனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் ஊதினாலும் கால் தானாகக் கிளம்புகிற வரைக்கும் விடமாட்டேன்.

தைரியமாக இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், அது என்னால் ஆகாது. கடைசிப் பிள்ளை ஓடி வந்து சேர்கிற வரைக்கும் விசில் என் வாயிலேயே இருக்கும். உன் மகள் வீடு வந்து சேராமல் நான் வீடு வர மாட்டேன். இது மட்டும் சத்தியம்.

பயம் இன்னும் தெளியாத உன் தங்கச்சி,
மாதேஸ்வரி