இதையாவது நான் சொல்கிறேன்

தங்கச்சிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று மீன் குழம்போடு தவளக்குப்பம் வந்தேன். உன் வீட்டில் தங்கிப் படிக்கிற என் ரஞ்சனிக்கு நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். வாசலிலேயே நின்றேன்.

"நடக்காம போனதுக்கு ஒரு 'இஃப்' போட்டு சொல்லுடி" என்றாய். அவள் சொன்னதில் எனக்கு 'அப்பா' மட்டும்தான் புரிந்தது.

"இன்னாடி இது? தமிழ்ல சொல்லு" என்று நீ பதறினாய்.

"நான் நெலத்துக்கு சோறு எடுத்துனு போயிருந்தா, அப்பா பசியில அவசரப்பட்டு ஈரக்கையோட மோட்டார தொட்டிருக்க மாட்டாரு சித்தி."

உன் மடியில் விழுந்து அழுதாள். அவர் போனதிலிருந்து என் எதிரில் அவள் அழுததே இல்லை. பெற்றவள் நான், மடி உன்னுடையதா? குழம்போடு திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

அவர் போன அன்றைக்கு அவள் தோழி வீட்டிலிருந்து வரவில்லை என்று அவரே வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகத்தான் மோட்டார் போடப் போனார். பிள்ளைக்கு இது தெரியாது.

நீ சொல்லிவிடாதே. இங்கிலீஷ் எல்லாம் நீ சொல்லிக்கொடு, இதையாவது நான் சொல்கிறேன். சனிக்கிழமை அவளைப் பாகூர் பஸ்ஸில் ஏற்றிவிடு. ஸ்டாப்பிலேயே நிற்பேன்.

உன்மேல் கோபம் தீராத,
அக்கா