மேல் அம்பில் ஒரு வணக்கம்

திங்கள், மாலை

காலை ஷிஃப்ட் அக்காவுக்கு,

நாற்காலியை இன்றும் கீழே இறக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முழங்கால் மேசையில் இடித்தது. முகமே பார்க்காத நமக்குச் சண்டை போட இதாவது இருக்கிறதே.

விஷயம் பெரிது. நம் ஆய்வகக் கணினியில் வெள்ளிக்கிழமை இரத்தப் பரிசோதனை முடிவுகள் மொத்தமும் அழிந்திருக்கின்றன. "இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. அழிக்கிற கட்டளை பதிவாகியிருக்கு, நேரம் பதிவாகல. யாரு அழிச்சதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று தணிக்கைக்காரர் என்னையே கேட்கிறார். நாளை உங்களிடம் வருவார்.

வழக்கம்போல விசைப்பலகைக்கு அடியில்,
மாலைத் தம்பி

செவ்வாய், காலை

அன்புள்ள தம்பிக்கு,

வந்தார். பதிவைக் காட்டினார். அந்தக் கட்டளை என்னுடையதுதான். முந்தைய நாள் முடிவுகளை அனுப்பியதும் அந்தத் தொகுப்பைக் கணினியிலிருந்து துடைக்கத் தினமும் அடிப்பது. வெள்ளியன்று மகளுக்குக் காய்ச்சல். கிளம்பும்போது திரையில் உங்களுக்கு அடித்துவைக்கும் வணக்கத்தைக்கூட அடிக்காமல் ஓடினேன். பதற்றத்தில் இரண்டு முறை துடைத்துவிட்டேனோ என்னவோ. "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலையை விட்டால் எனக்கும் மகளுக்கும் வேறு கதி இல்லை. நீங்களும் தெரியாதென்றே சொல்லுங்கள், தம்பி.

அக்கா

செவ்வாய், மாலை

அக்காவுக்கு,

பயப்படாதீர்கள். அது நான்.

வந்ததும் மேல் அம்பு விசையை அழுத்துவேன்; கடைசியாக அடித்த வரியை அது திரும்பக் காட்டும். நீங்கள் கடைசியாக அடித்த "மாலை வணக்கம்" திரையில் வரும். எண்டரைத் தட்டினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று இயந்திரம் முறைக்கும். எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளியன்றும் படிக்காமலே தட்டினேன். வந்தது வணக்கம் இல்லை, துடைக்கிற கட்டளை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

தணிக்கைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "மேல் அம்பை ஏன் அழுத்தினீங்க?" என்றார். "கைப்பழக்கம் சார்" என்றேன். மற்றதைச் சொல்ல மனசு வரவில்லை.

நாளை முதல் நான் வர வேண்டாமாம். வீட்டில் என்னை எதிர்பார்க்க ஆள் இல்லை, அக்கா. இங்கே ஒரு வணக்கம் இருந்தது.

நாற்காலியை உங்கள் உயரத்துக்கே இறக்கி வைத்திருக்கிறேன்.

தம்பி

வியாழன், காலை

தம்பி,

அலுவலகத்தில் உங்கள் முகவரி கேட்டேன். "வெளியில குடுக்கக் கூடாதும்மா" என்றார்கள். இதை எங்கே வைப்பதென்று தெரியாமலே எழுதுகிறேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நானும் கூட வந்து நின்றிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

என் பெயரிலேயே தனிக் கணக்கு கொடுத்துவிட்டார்கள். இனி யார் எதைத் தொட்டாலும் பெயரும் நேரமும் பதிவாகுமாம். புதிதாக வந்தவருக்கும் தனியாக ஒன்று. அவர் நாற்காலியைத் தொடுவதே இல்லை.

நேற்றுக் கிளம்பும்போது கை தானாக "மாலை வணக்கம்" என்று அடித்துவிட்டது. இன்று வந்ததும் மேல் அம்பை அழுத்தினேன்.

என் வணக்கம் எனக்கே வந்தது.

அக்கா